செயலாளரின் சைலன்சர்

"கர்ர்ர்ரக்!"

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் வேகத்தடையில், செயலாளரின் கார் அன்றும் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. சத்தம் ஐந்தாவது மாடி வரைக்கும் கேட்டது. உள்ளே இருந்த செயலாளருக்குத் தன் முதுகுத்தோலையே உரித்த மாதிரி இருந்தது.

யாரையும் திட்ட வழியில்லை. பார்சல் வண்டிகள் பறக்கின்றன என்று கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி, அந்த வேகத்தடையைப் போட வைத்தவரே அவர்தான். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தரையாக இறக்கியவரும் அவர்தான். நாற்பத்தேழு வயதில் ஆண்களுக்கு வரும் ஆசைகளில் இது ஒன்றும் மோசமில்லை என்று மனைவி அப்போது அனுமதி கொடுத்திருந்தாள்.

காவலாளி குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

"சைலன்சர் இன்னும் வண்டியிலதான் இருக்கு சார்."

செயலாளர் இறங்கிச் சுற்றிலும் நோட்டம் விட்டார். முற்றத்தில் ஒரு பந்து உருளவில்லை. ஒரு பால்கனியிலும் துணி காயவில்லை. லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டு யாரும் அரட்டை அடிக்கவில்லை. அவர் அச்சடித்து ஒட்டிய பதினெட்டு விதிகளும் பிசகாமல் நடந்துகொண்டிருந்தன. இத்தனை பேர் கட்டுப்படும்போது தன் சைலன்சர் மட்டும் அடங்காமல் மானத்தை வாங்குகிறதே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை பொதுக்கூட்டம். தான் போட்ட தடையைத் தானே தாண்ட முடியாதவன் எந்த முகத்தோடு மேடையில் உட்காருவது? அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் காரைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட வேண்டியதுதான்.

அன்று மாலையே காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். சைலன்சர் ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. வளையங்களைக் கழற்றிவிட்டு, கம்பியால் ஒரு விரல் அளவு தூக்கிக் கட்டினார். முகமெல்லாம் கரியோடு அவர் வெளியே வந்தபோது மனைவி கேட்டாள்.

"என்னங்க, நீங்க வண்டிய ரிப்பேர் பண்ணீங்களா, வண்டி உங்கள ரிப்பேர் பண்ணுச்சா?"

"நாளைக்குப் பாரு. பூனை மாதிரி வருவேன்."

"அப்படியா?" என்றாள் மனைவி. ஏனோ அவள் முகம் வாடியது.

மறுநாள் காலை கார் சத்தமே இல்லாமல் தடையைத் தாண்டி வெளியே போனது. செயலாளர் விசில் அடித்தார். மாலை திரும்பும்போது, "கர்ர்ர்ரக்!" போதாக்குறைக்கு, சைலன்சர் ஒவ்வொரு திருப்பத்திலும் டிக்கிக்குள் யாரோ அடைபட்டுக் கதவைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்று இடித்தது.

காலையில் தாண்டிய வண்டி மாலையில் ஏன் தாண்டவில்லை? இரவெல்லாம் யோசித்து விடையைக் கண்டுபிடித்தார். மதியச் சாப்பாடு! எடை கூடித்தானே திரும்பி வருகிறார்?

மறுநாள் மதியம் பட்டினி. ஸ்டெப்னி டயரையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். பாதி வழியில் பஞ்சர். பசி மயக்கத்தோடு பஞ்சர் கடைவரை சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் வந்தார். வாசலில் கார் உரசத்தான் செய்தது.

புதன்கிழமை காலை வெல்டரிடம் ஓடினார். வெல்டர் காரைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"யார் சார் இத கட்டினது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அவர இனி வண்டிப் பக்கமே விடாதீங்க."

கொக்கிகளை வெட்டி, சைலன்சரை அடித்தகட்டோடு ஒட்டி, இரண்டு விரல் ஏற்றிப் பற்றவைத்தார் வெல்டர். "இதுக்கு மேல ஏத்தணும்னா சீட்டுக்குள்ளதான் வைக்கணும் சார்" என்று கையை உதறினார்.

மாலை, "கர்ர்ர்ரக்!"

செயலாளர் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டார். தடையின் ஓரத்தில் ஓர் ஈரச்சாக்கு சுருட்டிக் கிடந்தது.

"என்னய்யா அது?" என்று காவலாளியைக் கேட்டார்.

"மேட்டுல வெடிப்பு விட்டிருந்துச்சு சார். பல் டாக்டர் வீட்டு பாத்ரூம் வேலைக்கு வந்த கொத்தனார் காலையிலயே பூசிக் குடுத்துட்டாரு. இப்ப கல்லாட்டம் இருக்கு."

"பொறுப்புன்னா இதுதான்யா!" என்று தட்டிக்கொடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். மனைவி வாங்கிவரச் சொன்ன பிளாஸ்டிக் வாளி, சைலன்சர் சூட்டில் உருகிப் படுத்திருந்தது.

"வாளி கேட்டேன், தட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

சனிக்கிழமை கூட்டத்தில் செயலாளர் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன். நாளைக்கே வண்டிய பழைய உயரத்துக்கு ஏத்திடறேன். இனிமே சத்தம் வராது."

கூட்டமே பதறி எழுந்தது.

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று கத்தினார் பல் டாக்டர். "எறக்கின வண்டிதான் சார் நம்ம குடியிருப்புக்கே அழகு!"

"சத்தம் ஒரு தொந்தரவா? எங்களுக்கு சங்கீதம் சார்!" என்றார் இரண்டாம் மாடி வாத்தியார்.

கார் எக்காரணம் கொண்டும் உயரக்கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதற்குக்கூட ஒத்துப்போகாத கூட்டம் ஒருமனதாகக் கை தூக்கியது. மனைவி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ரசனையை இத்தனை பேர் மனசுக்குள் போற்றி வைத்திருந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை நாளும் இவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சியபடி வாசலுக்கு வந்தார். அங்கே முன்பின் பார்த்திராத ஓர் ஆள், சிமெண்டுச் சட்டியோடு தடைமேல் குந்தி, விரல்களால் அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ஏங்க, செயலாளர் வண்டி இந்த உயரத்துலயே உரசுதா, இல்ல இன்னொரு பூச்சு போடணுமா? சத்தம் கேக்கலேன்னா பால்கனித் துணிய எடுக்க நேரமிருக்காதுன்னு அவரு வீட்டம்மாதான் வாரம் முழுக்க என்னை விரட்டிட்டிருக்காங்க."