பூனைக் கதவுக்கு ஒரு நற்சான்றிதழ்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, சிப் வைத்த பூனைக் கதவைக் கண்டுபிடித்தான். இடையில் கண்டுபிடித்ததெல்லாம் சில்லறை. இந்த உண்மையைப் பதிவு செய்ய ஜொகூர் மாநிலத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்தக் கதவு என் வீட்டுச் சமையலறையில்தான் இருக்கிறது.

சாதாரணக் கதவு முட்டாள். யார் தள்ளினாலும் திறக்கும். இது அப்படியல்ல. பூனையின் பிடரித் தோலுக்குள் அரிசி அளவு சிப் ஒன்றை ஊசியால் ஏற்றிவிட வேண்டும். பூனை தலையை நீட்டியதும் கதவு அதன் எண்ணைப் படித்து, 'நம்ம ஆள்' என்று முடிவு செய்து திறக்கும். வேறு பூனை வந்தால் 'டக்'. அவ்வளவுதான். சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை.

எங்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ராணி என்றொரு பூனை. வயது பதினான்கு. உரிமையாளர் என் மகள் லோஷினி. அவள் சிங்கப்பூரில் வேலை செய்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, மாதக் கடைசியில் வீட்டுக்கு வருபவள். ராணிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. பூனை டாக்டர் ஒரு மருந்துச் சாப்பாட்டைக் கொடுத்து, "கிண்ணத்துல நாள் பூரா இருக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடும். வயித்துக்குப் போகலன்னா ரெண்டு வாரம்கூடத் தாங்காது" என்றார். கிண்ணத்தில் சாப்பாடு குறைந்தது. கூடவே ராணியும் குறைந்தாள்.

சாப்பிட்டது ஒய்.பி. எங்கள் நாட்டில் சட்டமன்ற உறுப்பினரை ஒய்.பி. என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். இந்த மஞ்சள் கடுவன் பூனைக்குத் தெருவே அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தது. சாப்பாடு போடும் வீட்டுக்கு மட்டும் வருகை தருவார். வந்த வேலை முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்.

லோஷினி போனில் அழுதாள். "ப்பா, நான் வர்ற வரைக்கும் அவ இருக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்" என்றேன். அவள் வருவதற்குப் பதினேழு நாள் இருந்தது.

அன்றே கூட்டம் கூட்டினேன். வருகை: தலைவர் ஐயாசாமி, அதாவது நான், உறுப்பினர் யோகேஸ்வரி, அதாவது என் மனைவி.

"பின்கதவைச் சாத்தி வச்சா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்குங்க கூட்டம்?" என்றார் உறுப்பினர்.

"சாத்தினா ராணி எப்படி வெளிய போவா? மண்ணுலதான் போவேன்னு பதினாலு வருசமா அடம். இப்ப மணிக்கு ஒருவாட்டி போறா."

"அப்ப துடைப்பத்தை எடுத்துக்கிட்டு ஒரு ஆளு கிண்ணத்துக்குப் பக்கத்துல உக்காரட்டும்."

"அது பழைய முறை, யோகேஸ்."

துடைப்பம் பற்றிய தீர்மானம் தலைவரின் ஒரு வாக்கால் தோற்றது.

ஸ்கூடாயில் வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றில் தீபன் என்ற விற்பனையாளர் எனக்காகவே காத்திருந்தவர்போல் வரவேற்றார். முதலில் ஒரு காந்தக் கதவைக் காட்டினார்.

"கழுத்துல காந்தம் கட்டிவிடணும் அங்கிள். காந்தம் இருந்தாத்தான் திறக்கும். ஆனா உண்மையச் சொல்லிடறேன், ஒரு கஸ்டமரோட பூனை கழுத்துல கரண்டி ஒட்டிக்கிட்டு வந்துருச்சு."

"அவங்க வீட்டுக் கரண்டியா?"

"பக்கத்து வீட்டுக் கரண்டி. அதான் பிரச்சனை."

அடுத்து சிப் கதவு. தீபன் அதைத் துணியால் துடைத்துவிட்டு மேசைமேல் வைத்தார். வெள்ளை நிறம், சின்ன விளக்கு, ஒரே ஒரு பொத்தான்.

"இதுக்குக் கைரேகை வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"பூனைக்கா அங்கிள்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. இத்தகைய அறிவுள்ள கருவிகளில் எனக்கு முன் அனுபவம் உண்டு. தெப்ராவில் நான் பெட்டி தூக்கும் தொழிற்சாலையில், சில பேர் வராத நண்பனின் வருகை அட்டையையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள் என்று, வாசலில் கைரேகை மெஷின் வைக்க நிர்வாகம் முடிவு செய்தது. தொழிலாளர் சார்பில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். கூட்டம் முடியும்வரை எழுந்து போகாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். கரிபாப் பலகாரம் கடைசியில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே பிரதிநிதி ஆனேன். எழுந்து நின்று பேசினேன். "நம்ம ஆளு மட்டும் உள்ள வரணும், வெளியாளு வரக் கூடாது. இதுதான் முன்னேற்றம்!" என்றேன். நிர்வாகத்தினர் கைதட்டினார்கள். மனிதவளப் பிரிவின் பிரவீனா தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பத்துமூன்று வயதுவரை எனக்குக் கைநாட்டுதான். லோஷினி ஒன்றாம் வகுப்புப் போனபோது அவளுடைய புத்தகத்தை அவள் தூங்கியபின் எடுத்துப் படித்து எழுத்தைப் பிடித்தேன். 'ஐ'க்கு நான் போடுகிற சுழி வேறு யாருக்கும் வராது. அந்தச் சுழியோடு நான் கையெழுத்திட்ட முதல் பெரிய ஆவணம் இதுதான்: இனிமேல் எல்லோரும் கைநாட்டு வைக்க வேண்டும் என்பது.

மெஷின் வந்தது. எல்லோருடைய விரலையும் படித்தது. என் விரலை மட்டும் படிக்கவில்லை. பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பால் மரம் வெட்டி, பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் கை வைத்தேன். பிறகு பத்து வருஷம் சிமெண்டு. அதன்பின் இருபத்திரண்டு வருஷம் இந்தப் பெட்டிகள். ரேகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. தினமும் காலையில் மெஷின் ஒரு பெண் குரலில், "சிலா சுபா லாகி" என்கிறது. மறுபடி முயன்று பாருங்கள் என்று மலாயில் மரியாதையாகச் சொல்கிறது. பத்துத் தடவை முயன்றபின் காவலர் வீரமுத்து, "யோவ் ஐயாசாமி, அதுகூட என்னய்யா பேச்சு, உள்ள போ" என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் என் பெயரை எழுதிக்கொள்வார். மெஷின் கணக்கில் நான் மார்ச் மாதம் முழுக்க வேலைக்கு வரவில்லை. பெட்டிகள் தாமாக ஏறிக்கொண்டன.

இதற்காக நான் மெஷினைக் குறை சொல்லவில்லை. குறை என் விரலில். பூனைக்கு அந்தக் குறையும் வராது என்று மகிழ்ந்தேன். ராணிக்கு ஊசி போட்டு எண் கொடுக்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. பதினைந்து இலக்கம். அவள் படிவம் நிரப்பவில்லை, அவளிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

"தெருப் பூனைங்க சிப்புக்கு எங்க போவும்?" என்று நான் சிரித்தேன். தீபனும் கடையின் மரியாதைக்காகச் சிரித்தார்.

பின்கதவில் ஓட்டை போட்டுக் கதவைப் பொருத்தினேன். கையேட்டை மலாயில் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னும்; அதன்பின் முதலில் தலை நுழைக்கும் பூனைதான் வீட்டுப் பூனை; கதவு அதை மறக்காது. எளிமையான விஷயம். ராணியை உள்ளே தள்ளியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"புதுக் கதவு" என்றாள் யோகேஸ்வரி. "பால் காய்ச்சாம யாரும் உள்ள நுழையக் கூடாது."

"வீட்டுக்குத்தான் பால் காய்ச்சுவாங்க."

"கதவு வீட்டுலதானே இருக்கு? லோஷினிக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். முன்னால் சின்னதாக ஒரு மாக்கோலம். புதுக் காருக்கு வைப்பதுபோல் கீழே ஓர் எலுமிச்சம்பழம். ராணி அதை மிதித்துவிட்டு உள்ளே போக வேண்டும். பால் பொங்கியது. யோகேஸ்வரி அதை ஒரு தட்டில் ஊற்றி, கதவுக்கு உள்பக்கம் வைத்தாள். சாம்பிராணி போட்டாள். சுமங்கலி கையால்தான் ஆகும் என்று பொத்தானையும் அவளே அழுத்தினாள். விளக்கு மின்னத் தொடங்கியது.

சாம்பிராணிப் புகையைப் பார்த்த ராணி துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். இழுத்து வந்தேன்.

"வலது காலை முதல்ல வைக்கச் சொல்லுங்க."

"எது வலது காலு? நாலு இருக்கு."

"முன்னாடி இருக்கற வலது."

"நீ புடி அவள. நான் காலைப் புடிக்கறேன்."

"நகம்! நகம்! ஐயோ என் கையி!"

வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா, "ஐயாசாமி தம்பி, கீழே பாரு" என்றார்.

பார்த்தோம். ஒய்.பி. வந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல் கோலத்தின்மேல் நடந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, அதை மிதித்து, வலது காலை முன்னால் வைத்து, பால் வாசனை வந்த பக்கம் தலையை நுழைத்தார்.

கதவு 'கிளிக்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"திறக்காது, அதுக்குத்தான் சிப் இல்லையே" என்றேன், அவர் வால் உள்ளே மறைவதைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கே" என்றார் வெள்ளையம்மா அக்கா. "போன வருசம் நம்ம தாமான் குடியிருப்புச் சங்கத்துல பூனைங்களுக்கு இலவச முகாம் வச்சீங்கள்ல? குடும்பக் கட்டுப்பாடு பண்றப்பவே தெருவுல இருந்த ஆறு பூனைக்கும் சிப்பு போட்டுட்டாங்க. நீதானே தம்பி சாக்கைப் புடிச்சுக்கிட்டு நின்ன?"

உண்மை. பூனை விவகாரத் துணைக்குழுவின் சார்பில் நான்தான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராணிக்காக ஏற்றி வைத்திருந்த கற்பூரத் தட்டோடு உள்ளே ஓடிய யோகேஸ்வரி, பழக்கதோஷத்தில் ஒய்.பி.க்கு மூன்று சுற்று ஆரத்தி காட்டிவிட்டாள். அவர் பால் குடித்தபடியே அதை ஏற்றுக்கொண்டார். பிறகு மருந்துச் சாப்பாட்டுக்கு நகர்ந்தார்.

என் கையிலிருந்து குதித்த ராணி தன் சாப்பாட்டின் வாசனையைத் தேடிக் கதவுக்குப் போனாள். தலையால் முட்டினாள். 'டக்.' மறுபடி முட்டினாள். 'டக்.' மூன்றாவது தடவை காதுகளை மடக்கிக்கொண்டு முட்டினாள். நான்காவது தடவை முட்டிவிட்டு அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தொழிற்சாலை வாசலில் மெஷினுக்குமேல் ஒரு கண்ணாடி இருக்கிறது. தினமும் அதில்தான்.

உடனே தீபனுக்குப் போன் போட்டேன்.

"அலமாக்! வேற பூனையை ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா? பத்து செகண்ட் அழுத்திப் புடிங்க அங்கிள். எல்லாம் அழிஞ்சுரும். மறுபடி உங்க பூனையை விடுங்க."

அழித்தோம். பால், சாம்பிராணி எதுவுமில்லாமல் ராணியைக் கதவுக்கு அருகில் பிடித்துத் தலையை நீட்ட வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. இப்போது கதவுக்கு ராணியைத் தெரியும். ஆனால் ராணி அந்தக் கதவைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான்கு தடவை தன்னை முட்டவிட்ட ஒன்றோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். மீன் வைத்தோம், கெஞ்சினோம். பக்கத்தில்கூட வரவில்லை. பெரிய கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போய் வந்தாள். அவள் போய் வருகிற வழியில் ஒய்.பி.யும் போய் வந்தார். அதை மூடினாலும் அவருக்குக் கவலையில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் லட்சுமி வருவதற்காக யோகேஸ்வரி முன்வாசலை அகலத் திறந்து வைப்பாள். தினமும் ஏழு மணிக்கு ஒய்.பி. லட்சுமியோடு வந்தார்.

இரண்டாவது கூட்டம் கூட்டப்பட்டது. துடைப்பம் பற்றிய தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விடியற்காலையும் மாலையும் நான், பகலில் யோகேஸ்வரி. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. பெட்டி தூக்கிவிட்டு வந்த உடம்பு முக்காலியிலேயே தூங்கிவிழும். துடைப்பம் கீழே விழுகிற சத்தத்தில் ஒய்.பி. ஓடிவிடுவார். அந்த வகையில் என் தூக்கமும் பயன்பட்டது. ராணி என் காலில் முதுகை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள்.

பதினேழாம் நாள் லோஷினி வந்தாள். ராணி எழுந்து போய் அவள் காலில் உரசினாள். மகள் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள், பின்கதவைப் பார்த்தாள்.

"ப்பா, அந்தக் கதவு?"

"நல்லா வேலை செய்யுது."

"யாருக்கு?"

அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

திங்கட்கிழமை பிரவீனா என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். நல்ல பெண். நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அங்கிள், வீரமுத்து நோட்டுல பேர் எழுதறதெல்லாம் இனிமே செல்லாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு, செக் பண்ணிட்டாங்க. உங்க விரல்தான் பிரச்சனை. அதனால இந்த லெட்டர்ல ஒரு சைன் போட்டுடுங்க. 'என் கைரேகை குறைபாடுள்ளது, இதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' ஃபார்மாலிட்டிதான்."

தாளைப் படித்தேன். எனக்கு இப்போது படிக்க வரும். சொல்ல வேண்டிய பதிலும் நாக்கு நுனிவரை வந்தது: 'ரேகை தொலஞ்சு போகலம்மா. இருபத்திரண்டு வருசமா உங்க பெட்டிங்கமேலதான் ஒட்டியிருக்கு. வேணும்னா கிடங்குல போய்த் தேடிப் பாருங்க.' நல்ல பதில். மெஷினுக்காகப் பேசியதைவிட நல்ல பேச்சு.

அதை நான் சொல்லவில்லை. "எங்கம்மா போடணும்?" என்று கேட்டேன். அவர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டேன்.

"கையெழுத்து அழகா இருக்கு அங்கிள்" என்றார் பிரவீனா.

உண்மைதான். 'ஐ'யின் சுழி அன்றைக்கு மிக நன்றாக விழுந்திருந்தது. ராணியாவது நாலு தடவை முட்டிப் பார்த்தாள்.