றொய்சனின் வலது முழங்கால்

றொய்சனை மல்வேர்ன் அணிக்காரரும் பார்த்துவிட்டார்கள். அதுதான் பிரச்சினை.

"பாத்தது மட்டுமில்லை அண்ணை, அவையின்ரை தியாகலிங்கம் போனிலை வீடியோவும் எடுத்தவர்," என்றான் கஜீவன்.

செல்வரட்ணம் கோப்பியைக் கீழே வைத்தார். கென்னடி வீதிக் கோப்பிக் கடையின் மூலை மேசைதான் டோர்செட் பார்க் வளர்மதி அணியின் தலைமைச் செயலகம். கஜீவன் அணித் தலைவன். செல்வரட்ணம் ஆதரவாளர் சங்கத் தலைவர். பந்தை உதைத்துப் பல வருடமாகிவிட்டாலும், பந்தை நினைத்துக் கவலைப்படுவதில் ஸ்காபரோவில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தமிழ்க் கழகங்களின் கோடைக்கால உதைபந்தாட்டத்தில் முன்பெல்லாம் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்ப் பெடியனோ அந்த ஊர் அணி எடுத்தது. ஒருவனுக்குத் தாய் ஓர் ஊர், தகப்பன் இன்னோர் ஊர் என்றால் மைதானத்துக்கு வெளியே தனியாக ஓர் ஆட்டம் நடக்கும். அந்தச் சண்டை தாங்காமல் அணிகளை ஸ்காபரோவின் பகுதிகளாகப் பிரித்து, கனடாவின் பெரிய அணிகளைப் பார்த்து 'தெரிவு நாள்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வந்த ஆட்டக்காரரை ஒரு மண்டபத்தில் இருத்தி, அணிகள் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. பெயரைச் சொல்ல வேண்டியவர் ஆதரவாளர் சங்கத் தலைவர். ஆட்டக்காரரிடம் விட்டால் மச்சான்மாரைத்தான் எடுப்பார்கள் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

வளர்மதி போன வருடம் நன்றாக விளையாடவும் இல்லை, ஒழுங்காகத் தோற்கவும் இல்லை. ஆகவே ஐந்தாவது முறை. மல்வேர்னுக்கு இரண்டாவது.

"றொய்சன் எங்களுக்குக் கிடைக்க மாட்டான்," என்றான் கஜீவன். "குருநகர்ப் பெடியன், பந்துக்குப் பேர்போன ஊர். பயிற்சி ஆட்டத்திலை முதல் பாதியிலேயே மூண்டு கோல். பாத்தனீங்கள்தானே."

செல்வரட்ணம் பார்த்திருந்தார். இரண்டாவது பாதியில் றொய்சன் கரையில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் குடிக்காமல் காலில் ஒற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்திருந்தார். இரண்டாவது பாதியில் விளையாடத் தேவையில்லாத அளவுக்கு முதல் பாதியிலேயே முடித்துவிட்டானே என்று புளகாங்கிதப்பட்டார்.

பக்கத்தில் சேதுராமன் லப்ரொப்பைத் திறந்தார். கோயம்புத்தூர்க்காரர், வங்கியொன்றில் கணினி வேலை. கிரிக்கெட்டிலிருந்து கட்சி மாறி வந்தவர்.

"சார், என் கணக்குப்படி நமக்கு சரியான ஆளு அந்த டிஃபெண்டர்தான். பேரு அழகா இல்ல, ஆனா காயமே கிடையாது."

"கணக்கைப் பாத்தே பந்து உருளுது?" என்றார் செல்வரட்ணம்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ," என்றான் கஜீவன். "நீங்கள் எடுத்த கோல்கீப்பருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆரின்ரையோ கலியாணம். அதுக்கு முதல் எடுத்தவர் குளிர்கால வேலைக்கெண்டு போனவர், கோடைக்கும் திரும்பேல்லை. இந்த முறையும் பிழைச்சால் பேர் சொல்லுற வேலையைச் சேது அண்ணையிட்டைக் குடுக்கச் சொல்லிப் பெடியள் கேக்கினம்."

செல்வரட்ணம் சேதுராமனின் லப்ரொப்பை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் என்ன கறி என்பதிலிருந்து எந்தத் தொலைக்காட்சி வாங்குவது என்பது வரை எல்லாம் மனைவி நிரூபாவின் தெரிவு. வருடத்தில் ஒரு நாள், ஒரு ஒலிவாங்கியில், ஒரேயொரு பெயர். அது ஒன்றுதான் அவருடையது.

அன்று பின்னேரம் தமிழ்க் கடையின் மீன் பகுதியில் மல்வேர்ன் ஆதரவாளர் சங்கத் தலைவர் தியாகலிங்கம் விளைமீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வரட்ணத்துக்கு ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்காமல் நேரே போனார்.

"பாவம் அந்தப் பெடியன் றொய்சன்," என்றார்.

"ஏன், என்ன?"

"வலது முழங்கால். வெளியிலை தெரியாது. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்," என்றார் தியாகலிங்கம். மீனைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பிய நிரூபா செருப்பைக் கழற்ற முதலே தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, றொய்சன் எண்டு ஒரு பெடியனாம். சின்ன வயசு. காலை முழங்காலுக்குக் கீழை வெட்டி எடுக்கப் போகினமாம்."

செல்வரட்ணத்துக்குப் புரையேறியது. "அவ்வளவுக்கு இராது."

"உங்களுக்கு என்ன தெரியும்? பாவமெண்டு நான் அருச்சனை செய்துபோட்டு வாறன்."

"அவை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள் எல்லே?"

"பிள்ளையார் உதெல்லாம் பாக்கமாட்டார்."

அது பொய் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நிரூபாவிடம் சொல்வதும் தமிழ் வானொலியில் சொல்வதும் ஒன்றுதான். சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் கஜீவனின் தொலைபேசி வந்தது. "அண்ணை, எங்கடை பெடியளும் றொய்சன் வேண்டாமாம். கால் இல்லாதவனை வைச்சு என்ன செய்யிறது எண்டு கேக்கினம்."

இதைச் செல்வரட்ணம் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிரிக்கு வைத்த பொறியில் சொந்தப் பூனையே விழுந்துவிட்டது. வேறு வழியில்லை. "கஜீவன், உனக்கு மட்டும் சொல்லுறன். அது நான் விட்ட கதை. முழங்கால் கல்லுப் போலை கிடக்கு."

"அண்ணை, உங்களுக்கு உப்பிடியும் மூளை வேலை செய்யுமே," என்றான் கஜீவன். அவனும் ஒரேயொருவருக்கு மட்டும் சொன்னான். அவனுடைய மனைவிக்கு. அவள் பிறந்து வளர்ந்தது மல்வேர்னில்.

புதன்கிழமை தியாகலிங்கம் தொலைபேசி எடுத்தார். "என்ன செல்வம், பெடியன்ரை முழங்கால் நல்லாத்தான் இருக்காமே."

"ஓம், நானும் கேள்விப்பட்டன். சந்தோசம்," என்றார் செல்வரட்ணம். குரலில் ஒரு நடுக்கமும் இல்லாததைக் கண்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "எட்மன்ரனுக்குப் போறவனுக்குக் கால் நல்லா இருந்தால் நல்லதுதானே."

"அவ்வளவு தூரம், எட்மன்ரனுக்கோ?"

"கோடை தொடங்க முதல் போறானாம். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

இந்தக் கதை பரவ முழங்கால் கதையளவு நேரமும் தேவைப்படவில்லை. அடுத்த நாளே நிரூபா தேத்தண்ணீரோடு வந்தாள். "அந்தப் பெடியன் வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்றுக்கு வீட்டுக்கார அன்ரி வேறை ஆக்களைத் தேடுறா. எட்மன்ரன் போகினமாம். ஆரோ வீடு பாக்க வர, பெடியன்ரை மனுசி கஜனி அடுப்பிலை கறியோடை நிண்டவளாம். அவளுக்கே ஒண்டும் விளங்கேல்லையாம்."

செல்வரட்ணத்தால் தேத்தண்ணீர் குடிக்க முடியவில்லை. வந்து ஒரு வருடமாகாத பிள்ளைகள். ஒரு பந்துக்காக அவர்களை நடுத் தெருவில் விடப் பார்த்தோமே என்று உண்மையாகவே கூசியது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனார்.

"அவை எங்கையும் போகேல்லை அன்ரி. சும்மா கதை."

வீட்டுக்காரி நம்பவில்லை. "எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் மட்டும் இல்லை எண்டுறியள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். செல்வரட்ணமும் வாயைத் திறந்தார். "அந்தக் காலோடை எப்பிடி அன்ரி எட்மன்ரன் போறது?" என்று வந்தது.

"ஐயோ, அப்ப கால் கதை உண்மையே?"

"கொஞ்சம் உண்மை," என்றார் அவர் மெல்ல.

பேஸ்மென்ற் தப்பியது. ஆனால் அந்த அன்ரியின் மருமகன்தான் றொய்சன் வேலை செய்யும் வேர்ஹவுஸில் சுப்பவைசர். அடுத்த கிழமை, பெட்டி தூக்கிக்கொண்டிருந்த றொய்சனை ஒரு கதிரையில் இருத்திப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்ட விட்டார்கள். வேலைத்தலத்திலும் பெடியனை முடமாக்கிவிட்டோம் என்று செல்வரட்ணம் படுக்கையில் புரண்டார். தெரிவு முடிந்தவுடன் அவனுடைய கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தார். தெரிவுக்கு முதல் சொல்லலாம் என்ற எண்ணமும் வந்தது. அதைக் கண்ணை மூடிக் கடந்துவிட்டார்.

தெரிவு நாள் வந்தது. மண்டபத்தில் வடை வாசம். முன்வரிசையில் புதிய ஆட்டக்காரர்கள். ஓரத்தில் றொய்சனும் அவன் பக்கத்தில் கஜனியும்.

முதல் அணி ஒரு கோல்கீப்பரை எடுத்தது. அடுத்தது மல்வேர்ன். தியாகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு றொய்சனின் காலையே பார்த்தார். தியாகலிங்கம் பெருமூச்சு விட்டு வேறொரு பெயரைச் சொன்னார். மூன்றாவது அணியும் றொய்சனைத் தாண்டிப் போனது. நான்காவது அணி சேதுராமனின் டிஃபெண்டரைக் கொண்டுபோனது.

செல்வரட்ணம் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துக் கதிரை காலியாக, றொய்சனின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"சார், யோசிங்க," சேதுராமன் காதுக்குள் சொன்னார். "ரொம்ப ரிஸ்க். இது போச்சுன்னா அடுத்த வருஷம்..."

"மைக் உம்மடை கையிலை. தெரியும்," என்று சொல்லிவிட்டுச் செல்வரட்ணம் எழுந்தார். "வளர்மதியின் தெரிவு, றொய்சன்."

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்தும் நின்றார்கள். நிரூபா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கலியாணமான நாள் தொடக்கம் தன்னை அவள் அப்படிப் பார்த்ததாகச் செல்வரட்ணத்துக்கு ஞாபகமில்லை.

தியாகலிங்கம் வந்து கட்டிப்பிடித்தார். "செல்வம், நாங்கள் எல்லாரும் கோப்பையைப் பாத்தம். நீர் மனுசனைப் பாத்தீர்."

செல்வரட்ணம் அந்த இடத்திலேயே புதைந்துபோகத் தயாராக இருந்தார். றொய்சனும் கஜனியும் கதிரைகளுக்கு ஊடாக அவரிடம் வந்தார்கள். றொய்சன் மெதுவாகத்தான் வந்தான். சனநெருக்கம் என்று நினைத்தார். லப்ரொப்பை மூடிக்கொண்டு சேதுராமனும் வந்து பக்கத்தில் நின்றார்.

றொய்சன் அவருடைய கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் தெரிஞ்சுகொண்டும் என்னை எடுத்தீங்கள் அண்ணை. இதை நான் மறக்கமாட்டன். பேரைக் குடுத்துப்போட்டுத் திருப்பி எடுக்க வெக்கத்திலை இருந்தனான்."

"தம்பி, நான் ஒரு விசயம் சொல்லோணும்," என்று தொடங்கினார் செல்வரட்ணம். "அந்த முழங்கால் கதை..."

"அதைத்தான் நானும் கேக்கோணும் எண்டு இருந்தனான் அண்ணை," என்றாள் கஜனி. "இந்த வருசம் பந்துப் பக்கமே போகக்கூடாது எண்டு டொக்டர் சொன்னதை நாங்கள் ஊரிலை மாமிக்குக்கூடச் சொல்லேல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"