பூட்டுக்காரராலும் திறக்க முடியாத பூட்டு

நான்காவது வீட்டின் கதவு முப்பத்தெட்டு வினாடியில் திறந்துகொண்டது. பூட்டுக்காரர் வளைந்த கம்பியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, வியாபாரச் சிரிப்பு ஒன்றை உதட்டில் ஒட்டவைத்து, வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா, உங்க வீட்டுப் பூட்டோட லட்சணம் இதுதான்."

அந்த அம்மாள் பூட்டைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். தலை முதல் கால் வரை, பிறகு யாரிடமாவது அடையாளம் சொல்ல வேண்டி வந்தால் உதவட்டும் என்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"சரிங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ கனமான சாமானைக் கதவருகே இழுக்கும் சத்தம் கேட்டது.

இது எதுவும் அவருடைய யோசனை இல்லை. இருபத்தாறு வருடமாகக் கடைத்தெருவில் பூட்டு விற்று, சாவி செதுக்கி, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் தவித்தவர்களை வீட்டுக்குள் விட்டு, மானமாகப் பிழைத்தவர். ஆறு மாதமாகத்தான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, மூன்று நாள் விற்பனைப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினான்.

"மாமா, இப்ப யாரும் பொருளை வாங்கறதில்ல. உணர்ச்சியைத்தான் வாங்கறாங்க," என்றான்.

"என்கிட்ட பூட்டுதானேப்பா இருக்கு."

"பூட்டை விக்காதீங்க. முதல்ல பயத்தைக் கொடுங்க, அப்புறம் நிம்மதியை வித்துடுங்க. வீடு வீடாப் போயி இலவசப் பாதுகாப்புச் சோதனை பண்ணுங்க. அவங்க கண்ணு முன்னாடியே பூட்டைத் திறந்து காட்டுங்க. அன்னிக்குச் சாயந்திரமே புதுப் பூட்டுக்கு ஓடி வருவாங்க."

ஓடித்தான் போனார்கள். ஒரு வாரத்தில் மூன்று தெருக்களில் அத்தனை கதவுகளிலும் புதுப் பூட்டு ஏறிவிட்டது. எல்லாம் முக்கிலிருந்த இரும்புச் சாமான் கடையில் வாங்கியவை. அந்தக் கடைக்காரர் இத்தனை வருடமாக ஆணிகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவில் பேருக்கு நாலு பூட்டு தொங்கவிட்டிருந்தவர். இப்போது தனியாக ஒரு அலமாரியே வைத்துவிட்டார்.

பூட்டுக்காரருக்கு விஷயம் விளங்கவில்லை. கடை வழியாகப் போன ஓய்வுபெற்ற வாத்தியாரை நிறுத்திக் கேட்டார்.

"சார், உங்க வீட்டுப் பூட்டை நான்தானே திறந்து காட்டினேன். என்கிட்ட வாங்காம முக்குல போயி வாங்கிட்டீங்களே."

வாத்தியார் தயங்கவே இல்லை. "உன்கிட்ட வாங்கினா உனக்குத் திறக்கத் தெரிஞ்சுடுமேப்பா."

அன்று மத்தியானம் பூட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு பித்தளைக் குடத்தைக் காணோமாம். என்கிட்ட வந்து, 'உங்க வீட்டுக்காரர் நேத்து எந்தப் பக்கம் போனாரு'ன்னு விசாரிக்கறாங்க," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"எங்க தம்பி சொன்ன பக்கம் போனாருன்னு சொன்னேன்."

மச்சினன் அசரவில்லை. "இது நம்பிக்கைப் பிரச்சனை மாமா. வகுப்புல இதுக்கே ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. நம்ம வாயால நம்மளப் புகழக் கூடாது. வாடிக்கையாளர் வாயால வரணும். உங்களால நல்லது நடந்த ஒருத்தரைச் சொல்லுங்க, வீடியோ எடுத்துடலாம்."

பூட்டுக்காரர் யோசித்து, போன வருடம் குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கி மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட தையல்காரம்மாவைச் சொன்னார். அந்த அம்மாள் நன்றி மறக்காதவர். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, மச்சினனின் போனைப் பார்த்து மனம் உருகிப் பேசினார்.

"இவரு தங்கமான மனுஷன். நான் வீட்டுல தனியா இருந்தேன். வாசக்கதவை உடைக்கல, தட்டக்கூட இல்ல. சத்தமே இல்லாம உள்ள வந்து குளியலறைக் கதவைத் திறந்துட்டாரு. வந்ததே எனக்குத் தெரியாது."

மச்சினன் அதை ஒரு முறைகூடத் திரும்பப் பார்க்காமல் தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டான். சாயந்திரத்துக்குள் அது ஊரைச் சுற்றி வந்தது. மறுநாள் பூட்டுக்காரர் தெருவில் நடந்தபோது அவருக்கு முன்னால் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டே போயின. முக்குக் கடைக்காரர் மட்டும் கடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அடுத்த வீடியோ எப்ப?"

அன்றே கடையை இழுத்து மூடிவிடலாம் என்று பூட்டுக்காரர் முடிவு செய்தார். ஆனால் மகளின் படிப்பு இன்னும் பாதியில் நிற்பது நினைவுக்கு வந்தது. அதனால் மச்சினனின் மூன்றாவது யோசனையையும் கேட்டுத் தொலைத்தார்.

"ஊருக்கு என்ன பயம் மாமா? நீங்க எதையும் திறந்துடுவீங்கன்னு. அப்ப உங்களாலயே திறக்க முடியாத பூட்டு ஒண்ணு இருந்தா?"

அப்படிச் சொல்லிக்கொள்ளத் தோதாக ஒன்று இருக்கத்தான் செய்தது. ஏழு லீவர் பூட்டு. உள்ளே இருக்கும் ஏழு தகடுகளும் ஒன்றாக எழுந்தால்தான் திறக்கும். உள்ளங்கை நிறையக் கனம். கம்பெனிக்காரன் வந்து காட்டியபோது விலை அதிகம் என்று அவர் திருப்பி அனுப்பியது. இப்போது நாற்பது வாங்கினார். முப்பத்தொன்பதைக் கடைக்குள் அடுக்கிவிட்டு, நாற்பதாவதைக் கடை ஷட்டரிலேயே மாட்டிப் பூட்டினார்கள். 'ஐந்து நாளுக்குள் இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு ஒரு சைக்கிள். கடைக்காரரும் முயற்சி செய்வார்' என்று பலகை தொங்கியது.

நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். அத்தனை கண்களையும் பார்த்ததும் மச்சினனுக்குத் திட்டத்தில் இல்லாத ஒன்று தோன்றிவிட்டது. இரண்டு சாவிகளையும் தூக்கிக் காட்டினான்.

"எங்க மாமா கையில சாவி இருக்குன்னு யாரும் சந்தேகப்படக் கூடாது. இந்தாங்க," என்று ஷட்டருக்கு அடியில் இருந்த இடுக்கில் வைத்துக் காலால் ஓர் உதை விட்டான். சாவிகள் உள்ளே சறுக்கிக்கொண்டு போய் எங்கோ மோதிய சத்தம் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

பூட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. "டேய், கடைக்குள்ள எப்படிப் போறது?"

மச்சினன் கடையின் பின்பக்கம் கையைக் காட்டினான். "பின்கதவு?"

"உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கேன். நானே போட்டேன்."

"அப்ப நீங்களே திறந்துடுங்க மாமா. யாரும் பாக்காதப்ப. உங்களுக்குத் தெரியாத பூட்டா?"

யாரும் பார்க்காத நேரம்தான் கிடைக்கவில்லை. பகலெல்லாம் வரிசையில் ஆட்கள். ஹேர்பின், ஊசி, குடைக்கம்பி என்று கொண்டுவந்து குடைந்தார்கள். இரவில் எதிர் பேங்க் காவல்காரர் தன் ஸ்டூலை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பூட்டு மசியவில்லை. மசியாததைப் பார்க்கப் பார்க்க ஊருக்கு அந்தப் பூட்டின் மேல் மோகம் வந்துவிட்டது.

"எனக்கு ரெண்டு கொடு," என்றார் வாத்தியார். நான்கு வீட்டு அம்மாக்கள் ஒன்றாக வந்து கேட்டார்கள். பெண்கள் விடுதி வார்டன் அம்மா இருபது வேண்டும் என்றார். "நாளைக்குள்ள வேணும். இல்லேன்னா முக்குக் கடைதான்."

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கிராக்கியை அவர் கண்டதில்லை. சரக்கு மொத்தமும் ஷட்டருக்கு அந்தப் பக்கம். பூட்டைத் திறந்தால் பூட்டின் பேர் கெட்டுவிடும். திறக்காவிட்டால் விற்க ஒன்றும் இல்லை. வந்தவர்களிடம் "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லியே அவர் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாளிலிருந்து கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். நாலாம் நாள் ஒருவரும் கேட்கவில்லை. வார்டன் அம்மா அவரைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். எல்லாரும் முக்குக் கடைக்குப் போய்விட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மழை கொட்டி, தெரு காலியானது. பூட்டுக்காரர் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் கம்பிகள் அனைத்தையும் விரித்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டார், விரலால் கேட்டார். ஐந்து லீவர்கள் வழிக்கு வந்தன. ஆறாவதைத் தொட்டால் முதல் மூன்றும் விழுந்தன. விரல் நுனி மரத்துப்போனது. அவராலேயே திறக்க முடியாது என்று ஊருக்குச் சொல்லவிருந்த பொய் உண்மையாகிவிட்டது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டை ஒரு தடவை தட்டிக்கொடுக்காமல் எழுந்திருக்க அவரால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை கூட்டத்துக்கு முன்னால் நின்றார்.

"நேத்து நானும் முயற்சி பண்ணேன். என்னால முடியல," என்றார். "இத்தனை வருஷத்துல நான் தோத்த முதல் பூட்டு இது."

கைதட்டல் கிளம்பியது. பித்தளைக் குடம் தொலைத்த அம்மாளும் தட்டினாள். குடம் அவள் ஓரகத்தி வீட்டில் இருந்ததாம். அங்கேயே பதினைந்து பேர் பூட்டுக்கு வரிசை கட்டினார்கள். மச்சினன் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டான்.

"பாத்தீங்களா மாமா, இதைத்தான் வகுப்புல சொன்னாங்க."

வெல்டிங்காரர் வந்தார். பூட்டைத் தொடக் கூடாது என்று பூட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அது மாட்டியிருந்த கொண்டியை அறுத்தார். பொறி பறந்தது. பூட்டு பூட்டியபடியே கீழே விழுந்தது. ஷட்டர் மேலே ஏறியது.

உள்ளே அலமாரி துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. முப்பத்தொன்பதில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த வரிசைக் கடைகளை எல்லாம் பெருக்கித் துடைக்கும் அக்கா.

"எல்லாம் போயிடுச்சுண்ணே," என்றாள் அவள். "விடுதி அம்மாவே இருபது எடுத்துட்டாங்க. விலைதான் பெட்டி மேலயே போட்டிருக்கே. பணம் உங்க டிராயர்ல இருக்கு. நீங்க முன்னாடி கூட்டம் சேக்கறீங்க, பின்னாடி நான் விக்கணும், அதுதான் உங்க மச்சினன் போட்ட திட்டம்னு நெனச்சேன்."

பூட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேரும் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ எப்படி உள்ள வந்த?"

அக்கா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவு இடுக்கில் தாழ்ப்பாளை நெம்பச் செருகியிருந்த விளக்குமாற்றுக் குச்சியைக் காட்டி, இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தாள்.

"எட்டு மாசமா தினமும் நீங்க வந்து கடை திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள பெருக்கி, துடைச்சு, உங்க நாற்காலிக்குப் பக்கத்துல தண்ணி வச்சிட்டுப் போறேனே, எப்படி வர்றேன்னு நெனச்சீங்க?"