தேவாங்கும் எல்லாம் செய்யும் கேமராவும்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. ஒல்லியானவர்களைத் திட்ட மனிதர்கள் எடுத்தாளும் அதே தேவாங்குதான். முகத்தில் முக்கால்வாசி கண். வால் கிடையாது. குரங்குகள் அதை 'மொட்டை' என்று கூப்பிட்டன. மற்றவை கூப்பிடவே இல்லை.

அந்தக் காட்டில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கையிலிருக்கும் செல்போனைக் குனிந்து பார்க்கவே நேரம் போதவில்லை. ஆகவே, மேற்கு வானத்தில் புதிதாக ஒரு புகைக்கீற்று முளைத்த மாலையில், அதைத் தேவாங்கு மட்டுமே கண்டது. மறுநாள் அது சற்று நகர்ந்திருந்தது.

வால்நட்சத்திரம்! முதலில் கண்டவரின் பெயரை அதற்கு வைப்பது காட்டு வழக்கம். தன் பெயரோடு ஒரு வால் ஒட்டிக்கொள்ளப்போகிறது என்று தேவாங்கு பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட்டது. அதற்கு ஓட வராது. ஒரு நாள் முழுக்க நடந்தது.

அங்கே எழுத்தர், கரடி.

"சார், வானத்துல புதுசா ஒண்ணு..."

"கரடி விடாதே" என்றது கரடி. "படம் இருக்கா? படிவம் ஏழு, படத்தோட. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"வெள்ளிக்கிழமை அது வானத்துலயே இருக்காது சார்."

"அப்ப வியாழக்கிழமை கொண்டா."

தேவாங்கு மரநாயின் கேமராக் கடைக்குப் போனது. மூலையில் பழைய கேமரா ஒன்று தூசியோடு கிடந்தது.

"அது என்ன செய்யும் அண்ணே?"

"அதுவா? ஒண்ணும் செய்யாது. திறந்தா, மூடுற வரைக்கும் திறந்தே கிடக்கும்."

"என் கண்ணு மாதிரி. அதையே குடுங்க."

"எதைப் பிடிக்கப் போறே தங்கச்சி?"

"வானத்தை."

"வானத்துக்கு மட்டும் ஒரு கேமராவா! நாளைக்கு வீட்டுல வளைகாப்பு வந்தா?"

"எனக்கு ஏது வீடு? கிளைதான்."

"கிளையில வளைகாப்பு வைக்கக்கூடாதா? இந்தப் புதுசைப் பாரு. எல்லாம் செய்யும். கல்யாணம், காதுகுத்து, வானம், பாதாளம். நீ அமுக்குனா போதும், மீதியை அதுவே யோசிக்கும்."

தன்னைவிட நன்றாக யோசிக்கும் பொருளைக் கண்டால் எளியவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். தேவாங்கு அதையே வாங்கியது.

புதன்கிழமை அந்தி. உயரமான மருத மரத்தின் உச்சியில் மூச்சை அடக்கி அமுக்கியது.

"முகம் கண்டறியப்பட்டது. மருக்கள் நீக்கப்பட்டன" என்றது கேமரா, இனிய குரலில்.

படத்தில் ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை. புகைக்கீற்றும் இல்லை. வானம் மணப்பெண்ணின் கன்னம்போல் வழவழவென்று இருந்தது. ஏழு முறை எடுத்தது. ஏழாவதில் அந்தக் கன்னம் லேசாகச் சிவந்தும் இருந்தது.

வியாழக்கிழமை கரடி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதுல என்ன இருக்கு?"

"வால்நட்சத்திரம் இருந்த இடம் சார்."

அப்போது அடையாள அட்டையைப் புதுப்பிக்க மயில் வந்தது. முந்தின நாள் அந்தியில் தானே எடுத்துக்கொண்ட தன் படத்தை நீட்டியது. தன் அழகுக்கு மேல் கூட்ட என்ன இருக்கிறது என்று, போனிலிருந்த அழகுபடுத்தும் வசதியை அது அணைத்து வைத்திருந்தது.

"கொண்டைக்குப் பின்னால அழுக்கு இருக்கு. செல்லாது" என்றது கரடி.

தேவாங்கு எட்டிப் பார்த்தது. "சார், அதுதான்! அதுதான் சார்!"

கரடி பேனாவைத் திறந்தது. "படம் யாரோடது?"

"என்னோடது" என்றது மயில்.

"அப்ப பேரும் உன்னோடது."

"நான் அதைப் பார்க்கவே இல்லையே சார்?"

"பார்த்தியான்னு படிவத்துல கேள்வியே இல்லை. ஆனா, இது அழுக்கு இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

அறை தேவாங்கைப் பார்த்தது. அது மறுத்தால் அந்த ஒளி என்றென்றைக்கும் அழுக்காகவே கோப்பில் கிடக்கும். தேவாங்கு பேனாவுக்குக் கை நீட்டியது.

"பேரெல்லாம் வேண்டாம்" என்று கரடி மைப்பெட்டியை நகர்த்தியது. "ரேகை போதும்."

நீதி: வானத்தைப் பார்ப்பவர் சாட்சி, அதற்கு முதுகைக் காட்டிச் சிரிப்பவரே கண்டுபிடித்தவர்.