நடுக்கம் திருப்திகரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில், 'கடல்கடந்து பணியாற்றவிருக்கும் ஆசிரியர்களுக்கான முன்னேற்பாட்டு உதவி நிலையம்' ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு நிறுவப்பெற்றது. வெளிநாட்டில் ஒருவர் எங்ஙனம் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நடுங்க வேண்டும் என்பனவெல்லாம் அங்குக் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்களுள் ஒருவரும் எதிரே தெரியும் வெலிங்டன் தீவைத் தாண்டியதில்லை. ஆதலின் அவர்தம் கருத்துகளில் ஐயம் சிறிதும் கலந்திருக்கவில்லை.

நிலையத்தின் உடைமைகள் முள்கரண்டி இரண்டு, கம்பளி மேலங்கி ஒன்று, கப்பல் முகவர் ஒருவர் அன்பளித்த நாள்காட்டி ஒன்று. நாள்காட்டியின் பன்னிரண்டு தாள்களிலும் பனி மூடிய மலைகளே இருந்தன. அதனின்றே வெளிநாடு குளிரும் என்னும் அடிப்படைக் கொள்கை வகுக்கப்பட்டது.

இக்கொள்கையின் முன் ஒரு நாள் ஸ்வர்ணலதா வந்து நின்றார். புவியியல் ஆசிரியை. நைஜீரியாவின் வடபகுதியில் ஒரு பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஏலூர் ஆலையொன்றில் கணவர் வேலை இழந்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது இவர் சம்பளத்தில்தான். ஜூலை முடிவதற்குள் போய்ச் சேராவிடில் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். உள்ளூர் வேலையை விடாமல் நீண்ட விடுப்பில் செல்வதற்கோ, நிலையத்தின் தட்பவெப்பப் பழக்கச் சான்றிதழ் வேண்டும்.

"நைஜீரியா வெயில் ஊர், சார். நம்ம ஊரைவிடச் சூடு. அதைத்தானே நான் கிளாஸில் எடுக்கறேன்" என்றார் ஸ்வர்ணலதா.

நிலைய அதிகாரி கல்யாணராமன் பொறுமைசாலி. "கிளாஸில் நீங்க எதை வேணும்னாலும் எடுக்கலாம், டீச்சர். இது ஆபீஸாக்கும். நைஜீரியா வெளிநாடா, இல்லையா?"

"வெளிநாடுதான்."

"பின்னே?"

இவ்வினாவிற்குப் புவியியலில் விடை இல்லை.

குளிர்ப் பழக்கம் அருகிலிருந்த இறால் பதனிடும் தொழிற்சாலையின் உறைகுளிர் அறையில் அளிக்கப்பட்டு வந்தது. மேலங்கி ஒன்றே இருந்தமையால் ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகவே உறைய முடிந்தது. மஸ்கட்டுக்குப் போகிறவர் நடுங்கி முடித்துக் கழற்றித் தந்த மேலங்கியை ஸ்வர்ணலதா அணிந்துகொண்டார். அது கணுக்கால்வரை தொங்கிற்று. மீன் வாடையும் வீசிற்று.

"பேடிக்க வேணாம், பயம் ஒண்ணுமில்ல, டீச்சரே" என்றார் அறைக்குப் பொறுப்பாளரான முகமது இஸ்மாயில். "ஆனா அசையாம மட்டும் உக்காந்திராதீங்க. எங்க ஆளுங்க பெட்டியில அடுக்கி ஜப்பானுக்குக் கப்பல் ஏத்திடுவானுங்க."

"ஏத்தட்டும். அதுவும் வெளிநாடுதானே? சர்டிபிகேட்டும் கேக்க மாட்டா."

"அதெப்படி? இறாலுக்கே சர்டிபிகேட் உண்டு, டீச்சரே!"

விதியின்படி, குளிரில் ஒரு பாடமும் நடத்திக் காட்ட வேண்டும். கல்யாணராமன் வெளியே நின்று கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தார். அடுக்கிய இறால் பெட்டிகளை நோக்கி, "இப்பகுதிகளில் ஆண்டு முழுவதும் கடும் வெப்பம் நிலவும்" என்று, பற்கள் தந்தியடிக்க, ஸ்வர்ணலதா பாடம் நடத்தினார். மாணவர்கள் முழு அமைதி காத்தனர்.

கல்யாணராமன் குறிப்பெழுதினார்: 'பாடப்பொருள் பொருத்தமற்றது. நடுக்கம் திருப்திகரம்.'

சான்றிதழ் கிடைத்தது. ஸ்வர்ணலதா தும்மிக்கொண்டே விமானம் ஏறினார்.

அவர் சென்றபின் நிலையத்தின் புகழ் பரவிற்று. மட்டாஞ்சேரியில் ஜலதோஷம் ஒரு தகுதியாயிற்று. எங்குமே போகாதவர்களும் சித்திரை வெயிலில் கழுத்துக் கம்பளி சுற்றி நடந்தனர். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பையன் இடைவிடாமல் இருமினான் என்பதற்காகவே நிச்சயதார்த்தம் அன்றே முடிந்தது.

ஈராண்டு கழிந்து, விடுப்பை நீட்டித்துக்கொள்வதற்காக ஸ்வர்ணலதா ஊர் திரும்பினார். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். கல்யாணராமன் அன்போடு சாயா வரவழைத்தார்.

"குளிரெல்லாம் எப்படி?"

"குளிரா? உள்ளங்கால் பொசுங்கறது, சார்! மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது."

கல்யாணராமன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க வெளிநாட்டுக்குப் போகலை."

"பாஸ்போர்ட்டைப் பாருங்கோ, சார். முத்திரை இருக்கு."

"முத்திரை நாங்களும்தான் போடறோம்." அவர் குரலில் வருத்தமே இருந்தது. "போன வாரம் மஸ்கட்காரர் வந்தார். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்துட்டாராம். முழங்கால் காயத்தைக் காட்டினார். அவரும் வெளிநாடு, நீங்களும் வெளிநாடுன்னா எப்படி ஒத்துப்போகும்? ரெண்டு வருஷம் சொல்லாமக் கொள்ளாம எங்கேயோ இருந்திருக்கேள்னு நான் எழுதினா, இங்கத்து வேலையும் போயிடும். நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஸ்வர்ணலதா யோசித்தார். கணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

"விடிகாலையில் கொஞ்சம் குளிரும், சார்."

"கொஞ்சமா?"

"பனி பெய்யும்."

"எதுவரைக்கும்?"

ஸ்வர்ணலதா தயங்கித் தயங்கி முழங்காலைக் காட்டினார்.

"இடுப்புன்னு போட்டுக்கறேன். மேலே அனுப்பறப்போ அங்கே இருக்கறவா கொஞ்சம் குறைப்பா."

விடுப்பு நீட்டிக்கப்பட்டது. அத்துடன், அனுபவம் வாய்ந்தவர் என்ற முறையில், அடுத்த அறையில் காத்திருந்த புதிய ஆசிரியர்களுக்கு அவர் அறிவுரை வழங்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. கம்பளியை மடிப்பது, பனியில் கால் ஊன்றுவது, விறைத்த விரலால் கரும்பலகையில் எழுதுவது ஆகியவற்றை அவர் முறையாக விளக்கினார். கரவொலி எழுந்தது.

கூட்டம் முடிந்தபின், ஜாம்பியாவுக்குச் செல்லவிருந்த சங்கரலிங்கம் என்பவர் மாடிப்படியில் அவரை மெல்ல வழிமறித்தார்.

"டீச்சர், என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அங்கெல்லாம் நெஜமாவே குளிருமா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு லீவை நீட்டச் சொல்லி இங்க வருவீங்களோ?"

"வராம? என் வேலை இங்கதானே இருக்கு."

"அப்படின்னா குளிரும்."

சங்கரலிங்கம் கணித ஆசிரியர். விடை சரியாக வந்த முகத்தோடு படியிறங்கினார்.