வெர்னர் ஒளித்த பீப்பாய்

அன்று அடுக்களையில் இருந்தவர்கள் நால்வர். மேசையின் தலைப்பக்கம் எரிவாயுக் கம்பெனியின் ப்ரூயிட். ஜன்னலோரம் பக்கத்துப் பண்ணை அர்விட். அடுப்பருகே காப்பிப் பாத்திரத்தோடு இம்பி. எல்லோரையும் ஒரே பார்வையில் கண்காணிக்க வசதியாக, கதவை அடைத்துக்கொண்டு இம்பியின் கணவர் வெர்னர்.

"சதுப்புல செடிகொடி மக்கிக் கிடக்குற பீட் மண்ணைச் சூடாக்கி, இயற்கை எரிவாயுவுக்கு மாற்று வாயு எடுக்கப்போறோம்," என்றார் ப்ரூயிட். "ஆளுக்கொரு பீப்பாய் பீட் தாங்க. யாரோடதுல வாயு அதிகமோ, அவங்க சதுப்புலதான் ஆலை. அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வரும்."

"நம்ம தண்ணியில்லாத கழிப்பறைல நாத்தம் அடங்க ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி தூவறதுக்குத்தான் அது லாயக்குன்னு நெனச்சேன்," என்றாள் இம்பி.

வெர்னர் முறைத்தார். மாடு இறங்கினால் கொம்பு மட்டுமே தெரியும் அந்தச் சதுப்பை வாங்கி, வடக்கு மினசோட்டாவையே சிரிக்க வைத்தவர் அவருடைய அப்பா. அந்தச் சிரிப்பை அடக்க இந்த ஒரு பீப்பாய்தான் வழி.

இரண்டே நாளில் பீட்டை வெட்டி நிரப்பினார்.

"பீப்பாயை வராந்தாவுலயா வச்சிருக்கே?" என்று அர்விட் கேட்டார்.

இவருக்கு ஏன் இந்த அக்கறை? தன் பீப்பாயோடு மாற்றி வைக்கத்தான்! அவர் தலை மறைந்ததும் வெர்னர் பீப்பாயை வெந்நீராவிக் குளியலறைக்குள் உருட்டினார்.

சனிக்கிழமை அர்விட் துண்டோடு வந்து நின்றார். "இருபது வருஷமா இங்கதானேய்யா குளிக்கிறேன்!"

"இந்த வாரம் அழுக்காகாம பாத்துக்க," என்று வெர்னர் கதவைச் சாத்தினார்.

"உள்ள மண்ணெண்ணெய் கலக்குறியோ?" என்று வெளியிலிருந்து கேட்டார் அர்விட்.

கேள்வியைப் பார்! அந்த யோசனையே இவருக்குத்தான் இருக்கிறது. உடனே வெர்னர் பீப்பாயைக் கழிப்பறைக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கே இம்பியின் பீப்பாய் ஒன்று, அதே நீலத்தில். நல்லது, திருடன் குழம்பட்டும். இம்பியிடம்கூட மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை இம்பி சர்ச்சுக்குப் போயிருந்தாள். வெர்னர், "பீப்பாய் கழிப்பறைக்குப் பின்னால்" என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டு, அர்விட் தன் பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறாரா என்று பார்க்க அவர் வேலியோரம் பதுங்கியிருந்தார். திரும்பியபோது ஒரு பீப்பாய் போயிருந்தது. அப்பாடா!

ஆறு வாரம் கழித்துத் தபால்காரி கிளாடிஸ் கம்பெனிக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். வெர்னர், வேலியோரம் நின்ற அர்விட்டுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்: "உங்கள் பீட்டில் மற்றவற்றைவிட மூன்று மடங்கு வாயு. இது உங்கள் சதுப்பில் எடுத்த கலப்பில்லாத பீட் என உறுதியளிக்கவும். இதே சரக்கில் இன்னும் இருபது பீப்பாய் தேவை."

"ஏதோ கலந்திருக்கேய்யா நீ," என்றார் அர்விட்.

"எங்கப்பா சதுப்புய்யா அது! இப்ப சிரி பாப்போம்!"

உட்கார்ந்த சூட்டில், உரக்கச் சொல்லிக்கொண்டே பதில் எழுதினார்: "கலப்பே இல்லை. என் கையால் நிரப்பியது. இருபது பீப்பாயும் மாதக் கடைசிக்குள் தயார்." உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, கிளாடிஸிடம் கொடுத்தார். அவள் கார் வளைவில் மறைந்தது.

தோட்டத்துக்கு உரம் அள்ளப் போயிருந்த இம்பி, கொல்லைப்புறத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வெர்னர், பின்னால நிக்குறது நீ வெட்டின புது பீட்டாச்சே! அப்ப லாரியில போனது கழிப்பறைல அள்ளினதா? இருபது பீப்பாய்னு வேற எழுதிட்டியே, அந்த ஒண்ணு நிரம்பவே நம்ம ரெண்டு பேருக்கும் குளிர்காலம் பூரா ஆச்சு!"