வானத்தாலை சும்மா வாற படம்

காணிக்குச் சண்டை பிடித்த மனிதர்களை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஒழுங்கையிலும் காணலாம். வானத்துக்குச் சண்டை பிடித்தவர் ஒரே ஒருவர்தான், அவர் எங்கள் கம்பி அண்ணை. அச்சுவேலியிலிருந்து உடுப்பிட்டிவரை தலைக்கு மேலே இருக்கும் வெளி முழுவதும் தனக்குச் சீதனமாக வந்தது என்றே அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். “வானத்தாலை சும்மா வாற படத்துக்கு ஆரடா மாசாமாசம் காசு கேக்கிறது?” என்று அவர் சந்தியில் நின்று சத்தம் போட்டால், கேபிள் காசு கட்டிவிட்டு வருகிறவர்கள் பற்றுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் அவரைக் கடந்து போவார்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. வீடு வீடாகப் போய் ரீவிக்கு அன்ரனா கட்டுவதுதான் அவர் தொழில். சைக்கிள் பாரில் அலுமினியக் குழாய், கரியரில் வயர்ச் சுருள், இடுப்பில் குறடு. தலை நரைத்த பிறகும் ஏணியைக் கண்டால் அவருக்குக் கால் நிற்காது. கடைகளில் விற்கிற அன்ரனாவை அவர் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். குடைக்கம்பி, சைக்கிள் றிம், உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பி என்று கையில் எது அகப்படுகிறதோ அதில் படம் பிடிப்பார். உடுப்பிட்டியில் ஒரு வீட்டில் சோற்றுப் பானையின் மூடியைக் கழற்றிக்கொண்டு போய்க் கூரையில் கட்டிவிட்டார். வீட்டுக்கார அம்மா வாய்விட்டு அழாத குறை.

“அண்ணை, சோறு எப்பிடி வடிக்கிறது?”

“படம் வேணுமோ, மூடி வேணுமோ? ரெண்டிலை ஒண்டு சொல்லு தங்கச்சி.”

அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டால்தான் பானையை மூடுகிறார்கள். படம் மட்டும் கண்ணாடி போல வருகிறதாம்.

டிஷ் வைத்தவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம் வந்துவிடும். கார்த்திகை மாதத்து மழை பிடித்தவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நனைந்து நனைந்து, ஒவ்வொரு டிஷ் வீட்டு வாசலிலும் நிறுத்துவார். “என்ன, உங்கை படம் வருதோ?” என்று கேட்பார். வரவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்பதற்காகவே தடிமன் பிடித்துத் தும்மும்வரை நனைந்த மனிதர் அவர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, அவருடைய குரல் சோதனை. அன்ரனா திருப்பும்போது கீழேயிருந்து படம் வருகிறதா போகிறதா என்று ஒருவர் கத்திச் சொல்ல வேண்டும். ஒரேயொருவர்தான். அதற்கு ஏற்ற தொண்டையை அவரே தெரிவு செய்வார். வீட்டிலுள்ள எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, “வருது அண்ணை, வருது!” என்று கத்தச் சொல்லுவார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் பாவம், தன்னால் முடிந்தவரை கத்தினார். கம்பி அண்ணை காதைத் தடவிக்கொண்டு, “உந்தக் குரலை வைச்சுக்கொண்டு எப்பிடி ஐயா இவ்வளவு காலமும் படிப்பிச்சனீங்கள்?” என்றார். அதிபர் அன்று பின்னேரம் தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரை நான் என் வீட்டுக்கு அழைக்க வேண்டிய நிலை வந்தது. காரணம் என் மகள் துளசி. யாழ்ப்பாணத்து உள்ளூர் அலைவரிசை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் தொலைபேசியில் தாயைக் கூப்பிட்டாள்.

“அம்மா, வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிச் செய்தி நான் வாசிக்கப்போறன். முதல்தரம். நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சாத்தான் எனக்கு வாசிக்க நாக்கு எழும்பும். கட்டாயம் பாக்கவேணும்.”

என் மனைவி எல்லாத் தெய்வங்களையும் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். நாங்கள் கேபிளை வெட்டி மாதக்கணக்காகிவிட்டது. உள்ளூர் அலைவரிசைகளைக் கொண்டுபோய்க் கூடிய காசுப் பொதிக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று கோபப்பட்டு வெட்டியவன் நான்தான். ஃபோனில் பார்க்கலாமே என்றேன். எங்கள் ஒழுங்கையில் ஃபோனைத் திறந்தால் செய்தி வாசிப்பவருக்குப் பதில் ஒரு வட்டம்தான் வந்து சுற்றும். அது போக, “என்ரை பிள்ளையை நான் உள்ளங்கை அகலத்திலை பாக்கமாட்டன்” என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிபோலக் கம்பி அண்ணை வந்தார். அன்ரனாவைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வளவு முழுவதும் நடந்தார். கிணற்றடியில் நின்றார், மாமரத்தை முறைத்தார், கடைசியாக வேலிக்கு அப்பால் கையை நீட்டினார்.

“அந்தத் தாங்கிக்கு மேலைதான் வைக்கவேணும். வேறை எங்கையும் வராது.”

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. அது பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவின் தண்ணீர்த் தாங்கி. வேலி அடைத்தபோது நட்ட தடி, ஒரேயொரு கதியால், எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று தொடங்கிய சண்டை அது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை. நல்லநாள் பெருநாளுக்குப் பலகாரம்கூட வேலி தாண்டாது.

“அண்ணை, அங்காலை ஏலாது. அவையோடை நாங்கள் கோவம்.”

“வேலி நிலத்திலை தங்கச்சி. அன்ரனா வானத்திலை. நீ சும்மா இரு.”

அவரே போய்க் கேட்டார். பூமணி அக்கா என்ன சொன்னாரோ தெரியாது, சிறிது நேரத்தில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. ஆனால் அதற்கு முன் குரல் சோதனை இருந்ததே! மனைவி கத்தினாள். சத்தம் காணாதாம், இன்னும் வேணுமாம். நான் கத்தினேன். “தம்பி, நீர் ரீவிக்குப் பக்கத்திலை போய் இரும்” என்றார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் ஓர் ஆடு முருங்கையைக் கடித்திருக்க வேண்டும். “அடேய் அறுவானே!” என்று பூமணி அக்கா போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் எழும்பி ஓடின. கம்பி அண்ணையின் முகம் மலர்ந்தது.

“இது குரல்! இவவைத் தவிர வேறை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.”

ஆக, நான் தொலைக்காட்சிக்கு முன்னால். மனைவி யன்னலடியில். பூமணி அக்கா வேலியடியில். கம்பி அண்ணை தாங்கிக்கு மேலே. படத்தைப் பார்த்து நான் சொல்ல, மனைவி பூமணி அக்காவுக்குச் சொல்ல வேண்டும். கதைக்காத மனிசியிடம் எப்படிச் சொல்வது? மனைவி முற்றத்தில் நின்ற கோழியைப் பார்த்துச் சொன்னாள்.

“கோழி, படம் வருது, சத்தம்தான் வரேல்லை எண்டு சொல்லு.”

பூமணி அக்கா தாங்கியை நிமிர்ந்து பார்த்து முழங்கினார். “அண்ணை! அங்காலை கோழிக்குச் சத்தம் கேக்கேல்லையாம்!”

“கோழிக்கோ? கோழி ஏன் செய்தி கேக்குது?” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

இப்படியே கோழியை நடுவில் வைத்து ஒரு மணித்தியாலம் போயிற்று. ஒருமுறை படம் முழுக்க இலையான் மொய்த்தது போலக் கறுப்புப் புள்ளிகள். இன்னொருமுறை ஒரு ஆளுக்கு இரண்டு தலை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக எல்லாம் தெளிந்தது. அண்ணை கையை எடுத்தார். படம் போய்விட்டது. சோளகக் காற்றுக்குக் குழாய் நிற்கவில்லை. திரும்பப் பிடித்தார், வந்தது. விட்டார், போனது. முடுக்கிக் கட்ட நேரமில்லை.

“நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் பாருங்கோ!” என்றார்.

செய்தி இசை தொடங்கியது. துளசி வந்தாள். தாயின் சேலை கட்டியிருந்தாள். முதல் வரியில் ஒரு சொல் தடக்கியது. அதே நேரத்தில் காற்றும் அடிக்க, படம் ஒருமுறை நெளிந்தது. என் மனைவி கோழியை மறந்தாள், கதியாலை மறந்தாள்.

“பூமணியக்கா! அண்ணையை அசையவேண்டாமெண்டு சொல்லுங்கோ! சொல்லிப்போட்டு ஓடியாங்கோ, பிள்ளை வந்திட்டாள்!”

பூமணி அக்கா மேலே பார்த்து ஒரு முழக்கம் முழங்கிவிட்டு, வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடி வந்தார். வாசல் படலையால் சுற்றி வர அவருக்குப் பொறுமையில்லை. இருவரும் ஒரே கதிரையில் அரைவாசி அரைவாசியாக இருந்தார்கள். துளசி தலையை நிமிர்த்தினாள். பிறகு ஒரு சொல்லும் தடக்கவில்லை. மழை, வெங்காய விலை, மின்வெட்டு எல்லாவற்றையும் அவள் வாசித்த அழகில் வெங்காய விலை ஏறியதுகூட எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது.

முடிந்த கையோடு ஃபோன் அடித்தது. “அம்மா, பாத்தனீங்களோ?” மனைவிக்கு வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. பூமணி அக்கா ஃபோனைப் பறித்தார்.

“கொம்மா அழுறா பிள்ளை, சந்தோசத்திலை. நான் பாத்தனான். எங்கடை பிள்ளை எண்டு சொல்ல எனக்கு என்ன பெருமை தெரியுமோ!”

பிறகு இருவரும் மாறி மாறிக் கதைத்தார்கள், கதையோடு கதையாகத் தேத்தண்ணிக்கு அடுப்படிக்குப் போனார்கள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. படம் அசையவேயில்லை. அப்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. ஐயோ, கம்பி அண்ணை!

ஓடிப்போய் ஏணியில் ஏறினேன். இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப்பிடித்தபடி, காற்றில் இடுப்புச் சாரம் படபடக்க, மனிதர் அப்படியே நின்றார்.

“முடிஞ்சுதோ தம்பி? ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் விடேல்லை.”

“முடிஞ்சுது அண்ணை. வடிவா வாசிச்சவள்.”

“எனக்கு இஞ்சை ஒண்டும் கேக்கேல்லை” என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், “இனி எப்ப வருவாள்?” என்று கேட்டார். இத்தனை வீட்டுக்குப் படம் பிடித்துக் கொடுத்த மனிதர் ஒரு படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அன்றுதான் கண்டேன்.

ஆறரைக்குத் தலைப்புச் செய்தி அவள்தான் வாசிப்பாள் என்றேன். குழாயை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிப் போனார். எங்கள் யன்னலுக்குள்ளால், அவர் கதிரையில் இருப்பதும், ஒரு பக்கம் மனைவியும் மறு பக்கம் பூமணி அக்காவும் தேத்தண்ணியோடு நிற்பதும் தெரிந்தது.

“தம்பி, கிழக்காலை கொஞ்சம்!” என்று கத்தினார். “காணும்! காணும்! அப்பிடியே நில்லும்! பிள்ளை வாறாள்!”

காற்று அடித்தது. தோள்மூட்டு இரண்டும் உளைந்தன. உளைந்தால் உளையட்டும், அண்ணை ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.